"கடவுள் அறிய" சொல்ல மறுத்த சாட்சி

நீதிமன்ற எழுத்தராக 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மகன் கோவையில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பொங்கலுக்கு வந்தவன், "நான் நாத்திகன், இனி திருநீறு வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். "கடவுள் இல்லைன்னு நம்புறதும் ஒரு நம்பிக்கைதானடா, அதுவும் ஒரு மதம்தான்" என்கிறார் என் அண்ணன். "நம்பாம இருக்கிறது எப்படி மாமா நம்பிக்கை ஆகும்?" என்று இவன் கேட்கிறான். சாப்பிட உட்கார்ந்தாலே இந்தப் பேச்சுதான். யார் சொல்வது சரி?
- திண்டுக்கல் வாசகி

பதில்: அம்மா, நான் சாமி கும்பிடுகிறவள். செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் உங்கள் மகன் பக்கம்தான் இருக்கும்.

உங்கள் கேள்விக்கான பதிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு விவசாயி. 1988-ம் வருஷம். தென் மாவட்டம் ஒன்றில் முன்சீப் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். எல்லைக்கல் வழக்கு ஒன்று, பல வாய்தா தாண்டிச் சாட்சி விசாரணைக்கு வந்தது. பிரதிவாதி ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லை நகர்த்தி நட்டுவிட்டார் என்பது பிராது. வாதி தரப்புச் சாட்சியாகப் பக்கத்துக் காட்டுக்காரர் வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். டயர் செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, துண்டை மடித்துக் கையில் பிடித்தபடி கூண்டில் ஏறினார்.

வழக்கம்போல நான், "கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் வாய் திறக்கவில்லை. காது மந்தமோ என்று நினைத்துக் கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.

"காது நல்லா கேக்குதும்மா. எனக்குக் கடவுள்னு ஒருத்தர் கிடையாது. கிடையாதவர் பேரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினா, கூண்டுல ஏறினதும் நான் சொல்ற முதல் பேச்சே பொய்யாயிடும்."

எதிர்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். கடவுளுக்கே பயப்படாதவர் கோர்ட்டுக்கா பயப்படப் போகிறார், இவர் சாட்சியத்தை எடுக்கக் கூடாது என்றார். முன்சீப் இளவயதுக்காரர். பதற்றமில்லாமல் 1969-ம் ஆண்டு சத்தியப் பிரமாணச் சட்டத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் உறுதிமொழியின் வாசகத்திலேயே இரண்டு வழி இருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். பெரியவர் உளமார உறுதி கூறினார். சாட்சியப் படிவத்தில் அச்சடித்திருந்த "சத்தியப் பிரமாணம் செய்வித்தபின்" என்பதை நான் பேனாவால் அடித்துவிட்டு, மேலே "உறுதிமொழி பெற்றபின்" என்று எழுதினேன். அப்படி எழுதியது எனக்கு அதுதான் முதல் தடவை. கை கொஞ்சம் நடுங்கியது. சாமி குற்றமாகிவிடுமோ என்ற பயம்தான்.

கல் நகர்ந்திருந்ததா என்று கேட்டார்கள். "நகர்ந்திருந்துச்சு. கிழக்கே ரெண்டு அடி. பழைய குழி மூடாம அப்படியே கிடந்துச்சு." யார் நகர்த்தியது? "பார்க்கலை." அவரை அழைத்துவந்த வக்கீலுக்கே முகம் மாறிவிட்டது. ஊரெல்லாம் ஒரு பேரைச் சொல்கிறதே, உமக்கு மட்டும் தெரியாதா என்று கேட்டார். பெரியவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "ஊரு சொல்றது ஊருக்கு. நான் விடியக்காலையில கல்லைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கலை."

கல்லை நகர்த்தியவர் பிரதிவாதிதான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பில் வந்தது. அதை டைப் அடித்தவளும் நான்தான். பிரதிவாதி நகர்த்தவில்லை என்று தீர்ப்பில் ஒரு இடத்திலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் மகனும் அண்ணனும் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஒரு விஷயத்தை உண்மை, பொய் என்று இரண்டாகப் பிரிப்பதோடு நிற்கவில்லை. மூன்றாகப் பிரிக்கிறது: நிரூபிக்கப்பட்டது, பொய்யென நிரூபிக்கப்பட்டது, நிரூபிக்கப்படாதது. 2024 ஜூலையில் பழைய சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. அதிலும் இந்த மூன்று அறைகள் அப்படியே இருக்கின்றன. முதல் இரண்டு அறையிலும் அடங்காதது மூன்றாவது அறைக்குப் போகும்.

கடவுள் உண்டு என்பவர் முதல் அறையில் நிற்கிறார். கடவுள் இல்லவே இல்லை என்பவர் இரண்டாவது அறையில் நிற்கிறார். "உண்டு என்று நீங்கள் சொல்கிறீர்கள், எனக்கு அது நிரூபணம் ஆகவில்லை, அதனால் நான் ஏற்கவில்லை" என்பவர் மூன்றாவது அறையில் இருக்கிறார். பின்னவர்கள் இரண்டு பேரையும் நாம் நாத்திகர் என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். சண்டைக்குக் காரணமே அதுதான். உங்கள் அண்ணன் இரண்டாவது அறைக்காரரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார். பையன் மூன்றாவது அறையிலிருந்து பதில் சொல்கிறான் என்று அவன் கேள்வியை வைத்து ஊகிக்கிறேன்.

மூன்றாவது அறையில் இருப்பவரிடம் "உனக்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது" என்று சொல்வது தப்பு. "கடவுள் உண்டு என்று நம்பவில்லை" என்பது ஒரு வாக்கியம். "கடவுள் இல்லை என்று நம்புகிறேன்" என்பது வேறு வாக்கியம். 'இல்லை' எங்கே உட்கார்கிறது என்று பாருங்கள், பொருளே மாறிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் 'நம்பிக்கை' என்ற நம் சொல்லிலேயே இருக்கிறது. அதற்கு இரண்டு பொருள். ஒன்று, ஒரு விஷயம் உண்மை என்று கொள்வது. மற்றது, ஒருவர் மேல் பாரத்தைப் போட்டுச் சாய்வது. சட்டசபையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வருகிறவர் அரசாங்கமே கிடையாது என்றா சொல்கிறார்? இந்த அரசாங்கத்தின் மேல் எனக்குப் பிடிப்பு இல்லை என்கிறார். நான் "முருகனை நம்பியிருக்கிறேன்" என்னும்போது அது இந்த இரண்டாவது பொருளில்தான். ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்த நாட்களில் அவனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரிப் பிடிப்பு நாத்திகத்தில் கிடையாது. 'இல்லை' என்ற சொல்மேல் யாரும் சாய்ந்துகொள்ள முடியாது. அதனால் அதை மதம் என்பதும் பொருந்தாது. அதற்கு விரதம் இல்லை, நேர்த்திக்கடன் இல்லை, போய்ச் சேருவதற்கு ஒரு மறுவுலகம் இல்லை.

உங்கள் அண்ணன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரியார் சிலைகளின் பீடத்தில் "கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை" என்று பொறித்திருக்கிறார்கள். அது மூன்றாவது அறைப் பேச்சு அல்ல, உறுதியான ஒரு முடிவு. முடிவு சொல்கிறவருக்குக் காரணம் காட்டும் பொறுப்பு உண்டு. ஆனால் இல்லை என்று ஒருவர் சொன்ன உடனே அது குருட்டு நம்பிக்கை ஆகிவிடாது. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இல்லை என்று சொல்வதில்லையா? ஒன்று இல்லை என்று அறிவதும் அறிவுதான். நம் மணிமேகலையிலேயே அறிவுக்கான அளவைகள் பத்தை அடுக்கும்போது 'அபாவம்' என்று இன்மையையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கடவுள் விஷயத்தில் எட்டிப் பார்க்கிற கிணறு எது, முழுக்க எட்டிப் பார்த்தாயிற்றா என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் வழக்கு. வழக்கு நடக்கட்டும்.

எதையும் யோசிக்காமல், தலைவர் சொன்னார், சேக்காளிகள் சொன்னார்கள் என்று 'இல்லை' என்கிறவர்களும் உண்டு. அது அண்ணன் சொல்கிற நம்பிக்கைதான். கோயிலிலும் அதே மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள்.

பையனிடம் "நீ எந்த அறையில் இருக்கிறாய்?" என்று கேளுங்கள். சாப்பாட்டு வேளையில் வேண்டாம், தனியாகக் கேளுங்கள். திருநீற்றுக்கு வற்புறுத்தாதீர்கள். மனசில் இல்லாமல் நெற்றியில் மட்டும் பூசினால், அந்தப் பெரியவர் சொன்னாரே, அந்த முதல் பொய்யை அவனுக்கு நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: நாத்திகம் வெள்ளைக்காரன் படிப்போடு வந்ததுதானே? நம் மண்ணில் இதெல்லாம் ஏது?
- தென்காசி வாசகர்

பதில்: சொல்லே நம்முடையது ஐயா. 'ந அஸ்தி' என்றால் இல்லை. அதிலிருந்து நாஸ்திகன். பாணினியின் இலக்கணத்திலேயே இதற்குச் சூத்திரம் இருக்கிறது: 'உண்டு' என்ற மதி உடையவன் ஆஸ்திகன், 'இல்லை' என்ற மதி உடையவன் நாஸ்திகன். எது இல்லை? உரைகாரர்கள் மறுவுலகம் என்றார்கள். மனுஸ்மிருதிக்கு வந்தால் வேதத்தை நிந்திக்கிறவன் நாஸ்திகன். கடவுளைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. அதனால்தான் உலகைப் படைத்த ஈசுவரன் தேவையில்லை என்ற மீமாம்சகர்கள் (வேதச் சடங்குகளுக்குப் பொருள் சொன்ன தத்துவக்காரர்கள்) வேதத்தை ஏற்றதால் ஆஸ்திகர்களாகவே இருந்தார்கள். சமணரும் பௌத்தரும் எத்தனை நோன்பு, எத்தனை ஒழுக்கம் காத்தாலும் நாஸ்திகர் பட்டியலில் வைக்கப்பட்டார்கள். நாம் இன்று சொல்கிற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழில் பார்க்க வேண்டுமானால் மணிமேகலையில் சமயக் கணக்கர், அதாவது தத்தம் மதத்துக்காக வாதாடுகிறவர்கள், வரிசையின் கடைசியில் பூதவாதி என்று ஒருவர் வருவார். ஆத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறக்கிறது அல்லவா, அதுபோல் நிலம், நீர் போன்ற பூதங்கள் சேரும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்க மாட்டேன் என்பார். அதற்கு மணிமேகலை கேட்பாள்: உன் தாய் தந்தையரை மட்டும் அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. குறுக்கு விசாரணை என்றால் இப்படி இருக்க வேண்டும். ஏச்சில்லை, மிரட்டல் இல்லை, ஒரே கேள்வி.

13-ம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ நூலில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தை, கண்ணால் கண்ட உலகம் மட்டுமே உண்மை என்ற உலோகாயதர் மதத்திலிருந்துதான் தொடங்குகிறார். மறுப்பதற்காகத்தான். ஆனாலும் மறுக்கும் முன் எதிராளியின் வாதத்தை முழுசாக எடுத்து வைக்கிறார். உலோகாயதரின் சொந்த நூல்கள் நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. அவர்களைத் தோற்கடிக்க எழுதியவர்கள்தான் அவர்கள் பேச்சைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: "கடவுள் இருக்கிறாரா என்று தெரியாது" என்கிறார் என் நண்பர். அவர் நாத்திகரா, இல்லையா?
- கடலூர் வாசகர்

பதில்: தெரியுமா என்பது ஒரு கேள்வி, நம்புகிறாரா என்பது வேறு கேள்வி. இது அறிய முடியாதது என்று நிற்பவர்களுக்கு 1869-ல் தாமஸ் ஹக்ஸ்லி 'அக்னாஸ்டிக்' என்று தனிப் பெயர் வைத்தார். தமிழில் அறியொணாவாதி என்கிறார்கள். தெரியாது என்று சொல்லிக்கொண்டே கும்பிடுகிறவர் உண்டு, தெரியாது என்பதாலேயே கும்பிடாதவரும் உண்டு. உங்கள் நண்பர் எந்த வகை என்று அவர்தான் சொல்ல முடியும்.

கேள்வி: கடவுள் பயம் இல்லாதவன் எதற்கும் துணிவான். அப்படிப்பட்டவர்களைப் பதவியில் வைப்பது ஆபத்து அல்லவா?
- விருதுநகர் வாசகர்

பதில்: இதே கேள்வியை இங்கிலாந்தில் ஒரு தொகுதியே சந்தித்தது. 1880-ல் நார்தாம்ப்டன் மக்கள் சார்லஸ் பிராட்லா என்ற வெளிப்படையான நாத்திகரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள் பெயரால் உறுதி எடுப்பதற்குப் பதில் வெறும் உறுதிமொழி தருகிறேன் என்றார். அனுமதிக்கவில்லை. சரி, எல்லோரையும் போலவே சத்தியம் செய்கிறேன் என்றார். நீ சொன்னால் அது சத்தியமாகாது என்று அதற்கும் விடவில்லை. ஒரு ராத்திரி நாடாளுமன்ற மணிக்கூண்டில் காவலில்கூட வைத்தார்கள். இடம் பறிபோகும், இடைத்தேர்தல் வரும், மக்கள் மறுபடி அவரையே அனுப்புவார்கள். கடைசியில் 1886 ஜனவரியில்தான் அவரால் எல்லோரையும் போலச் சத்தியம் செய்து உட்கார முடிந்தது. 1888-ல் அவரே முயன்று சட்டத்தை மாற்றினார். அன்றிலிருந்து அங்கே கடவுள் பெயர் இல்லாமலும் உறுதி கூறலாம்.

பொய் சொல்லத் துணிந்தவர் என்று அவரை ஒதுக்கினார்களே, அது பொருந்துகிறதா என்று யோசியுங்கள். முதல் நாளே வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஆறு வருஷம் மிச்சம். இந்தியர்களின் குறைகளை அந்தச் சபையில் விடாமல் பேசியவர் அவர். 1889-ல் பம்பாய் காங்கிரசுக்கும் வந்தார். 1891-ல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அந்த அடக்கத்துக்குப் போயிருந்தார். காந்தியைவிடக் கடவுள் பக்தி உள்ளவர் யார்?

நம் அரசியலமைப்பில் பதவிப் பிரமாணத்துக்கு இரண்டு வாசகமும் இருக்கின்றன. இங்கே அமைச்சர்கள் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று பதவியேற்பதை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். பதவியில் இருப்பவர் கைசுத்தமா என்பதை அந்த ஒரு வார்த்தையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 33 வருஷம் சத்தியம் செய்து வைத்தவள் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். சட்டப்படி நாங்கள் மதமற்றவர்களா?
- சேலம் வாசகர்

பதில்: இல்லை. 1967-ல் அண்ணா அரசு கொண்டுவந்த திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்குள் 7ஏ பிரிவாகச் சேர்ந்தது. இரண்டு இந்துக்களுக்கு இடையில் நடக்கும் திருமணம் என்றுதான் அந்தப் பிரிவே சொல்கிறது. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவரையும் அந்தச் சட்டம் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும், நீங்கள் கும்பிடுகிறீர்களா என்று கேட்காது. மத அடையாளமே வேண்டாம் என்பவர்கள் 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம். 30 நாள் நோட்டீஸ் உண்டு. 2019-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். பிள்ளைகளுக்கு வாங்க நினைத்தால், இட ஒதுக்கீட்டை யோசித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: என் கணவர் போன மாதம் தவறிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாமி கும்பிட்டதில்லை, என்னைத் தடுத்ததும் இல்லை. "எனக்குச் சடங்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். தகனத்தை அப்படியே முடித்துவிட்டோம். இப்போது கொழுந்தனார், "அவருக்குத்தான் நம்பிக்கை இல்லை, உங்களுக்கு இருக்கில்ல அண்ணி, கருமாதி பண்ணாம விட்டா ஆத்மா அலையும்" என்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை.
- ஊர் பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை நான்கு நாள் மேஜையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நீங்கள் விரதம் இருந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். தடுத்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தான் ஏற்காத ஒன்றை, உங்களுடையது என்பதற்காக அத்தனை வருஷம் மதித்திருக்கிறார். அவர் வேண்டாம் என்றதும் அதே மாதிரி அவருடையது. அதை நம்பிக்கை என்று வையுங்கள், நம்பிக்கையின்மை என்று வையுங்கள், அவர் யோசித்து வந்து சேர்ந்த இடம் அது. கொழுந்தனாருக்குப் பயம் இருக்கிறது, பாசத்தில்தான் சொல்கிறார். அவரிடம் கோபப்படாதீர்கள். "அவர் பேச்சை உயிரோடு இருக்கும்போது கேட்ட மாதிரி இப்பவும் கேட்கிறேன் தம்பி" என்று மட்டும் சொல்லுங்கள்.

உறவுக்காரர்கள் கூட ஒரு நாள் வேண்டும் என்றால் படத்திறப்பு வையுங்கள். பகுத்தறிவாளர் குடும்பங்களில் கருமாதிக்குப் பதில் அதுதான் வழக்கம். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, அவர் படத்தைத் திறந்து வைத்து, அவரோடு வேலை பார்த்தவர்கள், அக்கம்பக்கத்தவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள், அவருக்குப் பிடித்த குழம்பாக இருக்கட்டும். கொழுந்தனாரையே படத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு மனசு ஆறவில்லையென்றால் கோயிலுக்குப் போங்கள். அவர் பேரில் அர்ச்சனை வேண்டாம், உங்கள் பேருக்குச் செய்யுங்கள். நான் வருகிற செவ்வாய்க்கிழமை உங்களுக்காகவும் ஒரு விளக்குப் போடுகிறேன்.